வீட்டை அளந்து பார்த்தீர்களா?

(மன்னார் மாவட்டப் பெரியமடுவில் ஊர்மக்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

குளம், வாய்க்கால், யானை, நெல்லு விலை என்று இந்த ஊரில் கதைக்க வேண்டியவை நிறைய உண்டு. இன்றைக்கு அவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத, மணக்காத, ஒரு தும்மலைக்கூட வரவைக்காத ஒரு வாயுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் றேடன். பல நாடுகளில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைத்தலுக்கு அடுத்த காரணம் இதுதான். நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், நுரையீரல் புற்றுநோயில் 3 முதல் 14 சதவீதம் வரை றேடனால் வருவது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இதைப் பெரியமடுவில் வந்து ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். இங்கே இருக்கிறவர்களில் பலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கனடாவில், சுவிசில், நோர்வேயில், லண்டனில் இருக்கிறார்கள். அந்தக் குளிர்நாட்டு வீடுகளில்தான் இந்த வாயு ஆபத்தான அளவுக்குச் சேருகிறது. பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசும்போது சாப்பாட்டைக் கேட்கிறோம், வேலையைக் கேட்கிறோம், குளிரைக் கேட்கிறோம். வீட்டுக் காற்றை அளந்தாச்சா என்று ஒருவரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டால் அவர்கள் அளப்பார்கள். அதற்காகத்தான் வந்தேன். மன்னார் மணலைப் பற்றியும் சொல்ல இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மண்ணிலும் பாறையிலும் யுரேனியம் எங்கும் இருக்கிறது. நம் காலடி மண்ணிலும் மிகச் சிறிய அளவில் உண்டு. அது கோடிக்கணக்கான ஆண்டுகளாக மெல்ல மெல்லச் சிதைந்து வேறு வேறு தனிமங்களாக மாறிக்கொண்டு போகிறது. அந்த வரிசையில் றேடியம் வரும். றேடியம் சிதையும்போது றேடன் பிறக்கும். இதற்கு முன்னே உள்ளவையெல்லாம் திண்மங்கள், கல்லுக்குள்ளேயே கிடக்கும். றேடன் மட்டும் வாயு. அதனால் மண் இடுக்கு வழியாக மேலே வந்துவிடுகிறது. வெட்டவெளியில் வந்தால் காற்றோடு கலந்து போய்விடும். வெளிக்காற்றில் ஒரு கனமீற்றருக்கு 5 முதல் 15 பெக்கரல் வரைதான் இருக்கும். பெக்கரல் என்பது ஒரு செக்கனுக்கு ஒரு அணு சிதைவதைக் குறிக்கும் அலகு. வீட்டு நிலத்தின் வெடிப்பு வழியாக உள்ளே வந்து, கதவும் யன்னலும் பூட்டிக் கிடந்தால், அது வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும்.

றேடன் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 3.8 நாள் எடுக்கும். அது சிதையும்போது பொலோனியம், ஈயம், பிஸ்மத் என்று மறுபடியும் திண்மங்கள் உண்டாகின்றன. நுரையீரலுக்குக் கேடு செய்வது பெரும்பாலும் இவைதான். வீட்டுத் தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சோடு உள்ளே போய்ச் சுவாசக்குழாயின் சுவரில் படிந்து, அங்கேயே இருந்து அல்பாக் கதிரை வீசும். அல்பாக் கதிர் ஒரு கடதாசியைக்கூடத் தாண்டாது. தோலுக்கு வெளியே இருந்தால் நமக்கு ஒன்றும் செய்யாது. உள்ளே, உயிருள்ள கலத்துக்குப் பக்கத்தில் இருந்து அடித்தால் அந்தக் கலத்தின் மரபுப் பொருளை உடைத்துப் போடும். இப்படி உடைந்த கலம் ஒன்று பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகலாம்.

இந்த உண்மை முதலில் சுரங்கத் தொழிலாளர்களின் உடலில்தான் தெரிந்தது. ஜேர்மனியில் ஷ்னேபெர்க் என்ற இடத்துச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் நுரையீரல் நோய் வந்து செத்துக்கொண்டே இருந்தார்கள். அது நெஞ்சுக்குள் வளரும் புற்று என்று ஹார்டிங், ஹெஸ்ஸ என்ற இரண்டு மருத்துவர்கள் 1879இல் எழுதினார்கள். றேடன் என்ற வாயு அப்போது கண்டுபிடிக்கப்படவே இல்லை. 1988இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் றேடனை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது.

சுரங்கம் சரி, வீட்டில் என்ன என்று நெடுங்காலம் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. 1984 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு சம்பவம் நடந்தது. ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியியலாளர் லிமரிக் அணுமின் நிலையத்தில் வேலை செய்தார். தொழிலாளர் உடம்பில் கதிரியக்கம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கருவி அவரைக் கண்டதும் கத்தியது. நிலையமோ இன்னும் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் வேலைக்கு வரும்போதே வீட்டிலிருந்து அதைக் கொண்டு வந்திருக்கிறார் என்று. அவருடைய வீட்டுக் காற்றில் கனமீற்றருக்கு ஏறக்குறைய 100,000 பெக்கரல் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் இன்று 100 பெக்கரலைத்தான் ‘இதற்கு மேல் போனால் குறைக்க வேண்டும்’ என்ற மட்டமாகச் சொல்கிறது. அந்த வீட்டில் அதைப்போல ஆயிரம் மடங்கு. குழந்தைகளோடு வாழ்ந்த குடும்பம் உடனே வெளியேறியது. வீட்டைத் திருத்திய பிறகு திரும்பி வந்து அதே வீட்டில் குடியிருந்தது. திருத்தலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு பல நாடுகளில் ஆய்வு நடந்தது. சேரா டார்பி தலைமையில் 2005இல் வந்த ஆய்வு ஒன்று ஐரோப்பாவின் 13 ஆய்வுகளை ஒன்றாக்கி, நுரையீரல் புற்றுநோய் வந்த 7,148 பேரையும் வராத 14,208 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டில் நெடுங்காலச் சராசரி 100 பெக்கரல் கூடும்போது ஆபத்து 16 சதவீதம் கூடுகிறது என்று கண்டது. ‘இதற்குக் கீழே பயமில்லை’ என்று கோடு போடக்கூடிய அளவு எதுவும் அதில் தென்படவில்லை.

16 சதவீதம் என்றால் எதற்கு மேல் 16 என்று கேட்க வேண்டும். புகைக்காத ஒருவர் றேடனே இல்லாத வீட்டில் வாழ்ந்தால், 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோய் வருவது ஆயிரத்தில் 4 பேருக்கு. 100 பெக்கரல் வீட்டில் 5 பேருக்கு. 400 பெக்கரல் வீட்டில் 7 பேருக்கு. தொடர்ந்து புகைக்கிறவர் என்றால் கணக்கு ஆயிரத்தில் இல்லை, நூற்றில். றேடன் இல்லாவிட்டாலும் நூற்றுக்கு 10, 100 பெக்கரலில் 12, 400 பெக்கரலில் 16. இங்கே பீடியும் சுருட்டும் சிகரெட்டும் பிடிக்கிற ஐயாமார் இருக்கிறீர்கள். உங்களிடம் நேராகச் சொல்கிறேன். உங்களுக்கு றேடனைப் பற்றிய கவலை இரண்டாவது. புகையை விடுவதுதான் முதலாவது. புகைக்கும் மகன் வெளிநாட்டில் நிலத்துக்குக் கீழே உள்ள பேஸ்மென்றில் குடியிருக்கிறான் என்றால் அவனுக்கு இரண்டு கவலையும் ஒன்றாகவே இருக்கிறது.

பேஸ்மென்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் தங்கையின் மகன் கனடாவில் ஸ்காபரோவில் அப்படி ஒன்றில்தான் குடும்பத்தோடு இருந்தான். புதிதாய்ப் போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகை அதுதான். வீட்டுக்காரரும் தமிழர். பக்கக் கதவால் இறங்கிப் போனால் நிலத்துக்குக் கீழே இரண்டு அறை, குசினி, குளியலறை. யன்னல் என்று இருப்பது சுவரின் உச்சியில், முழ நீளம். பனிக்காலத்தில் அதைத் திறப்பது என்ற பேச்சே இல்லை. நான் அங்கே போயிருந்தபோது கொதிகலன் இருக்கும் சின்ன அறைக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் சேரும் குழி ஒன்று, மேலே ஒரு பலகை மூடி. சுவரும் நிலமும் சேரும் இடத்தில் விரல் நகம் நுழையும் அளவுக்குச் சீமெந்து பிளந்திருந்தது. குளியலறைக் குழாய் நிலத்துக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றி வெறும் மண் தெரிந்தது. மண்ணிலிருந்து வாயு உள்ளே வருவதற்கு வேறென்ன வாசல் வேண்டும்?

அங்கே பனிக்காலத்தில் இன்னொன்றும் நடக்கிறது. வீட்டைச் சூடாக்குகிறார்கள். சூடான காற்று மேலே போய்க் கூரைப்பக்க இடுக்குகளால் வெளியேறும். போன காற்றின் இடத்தை நிரப்ப, வீடு அடியிலிருந்து காற்றை உறிஞ்சும், புகைபோக்கி அடுப்படிக் காற்றை இழுப்பதைப் போல. இழுபடுவது மண்ணுக்குள் இருக்கும் காற்று. அதனால்தான் கனடாச் சுகாதாரத் திணைக்களம் ஒக்ரோபரில் இருந்து ஏப்ரல் வரையான சூடாக்கும் காலத்தில், குறைந்தது மூன்று மாதம் அளக்கச் சொல்கிறது. இரண்டு நாள் அளந்து பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லக்கூடாது. றேடன் காலைக்கும் மாலைக்கும், மழைக்கும் வெயிலுக்கும் ஏறி இறங்கும்.

கனடாவில் நடவடிக்கை எடுக்க வேண்டிய மட்டம் 200 பெக்கரல். அந்த நாட்டில் நுரையீரல் புற்றுநோய் மரணங்களில் சுமார் 16 சதவீதம் றேடனால் வருகிறது, ஆண்டுக்கு 3,000 பேருக்கு மேல் அதனால் இறக்கிறார்கள் என்று அந்த அரசே சொல்கிறது. 2009இல் தொடங்கிய ஆய்வில் சுமார் 14,000 வீடுகளை அளந்தபோது, நூற்றுக்கு ஏழு பேர் அளவில் 200க்கு மேற்பட்ட வீட்டில் வாழ்வது தெரிந்தது. 2024இல் வந்த ஆய்வு வேறு முறையில் செய்யப்பட்டது, அதில் நூற்றுக்கு 18 வீடு அளவில் 200ஐ எட்டியிருந்தது. ரொறன்ரோ மிக மோசமான இடங்களில் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மனிற்றோபா, சஸ்கச்சுவான், நியூ பிரன்ஸ்விக் போன்ற மாகாணங்களில் அதிகம். வீட்டு விலை தாங்க முடியாமல் மேற்கே வின்னிப்பெக், கல்கரி என்று குடிபெயரும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டை அளந்து குறைவாக இருந்தால் நம் வீடும் அப்படித்தான் என்று நினைக்கக்கூடாது. வாட்ரஸ் வீட்டுக்குப் பக்கத்து வீடுகளில் அவ்வளவு இருக்கவில்லை. ஒரே தெருவில், ஒரே ஆள் கட்டிய வீடுகளில்கூட அடி மண்ணும் வெடிப்பும் மாறும். வரைபடம் ஊரைப் பற்றித்தான் சொல்லும், உங்கள் வீட்டைச் சொல்லாது.

அளக்கும் கருவி பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் டப்பி. மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை. உள்ளே விரல் நகமளவு ஒரு பிளாஸ்டிக் துண்டு. அல்பாக் கதிர் பட்ட இடத்தில் அதில் கண்ணுக்குத் தெரியாத தழும்பு விழும். மூன்று மாதம் கழித்துத் தபாலில் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், அங்கே அதைக் காரத்தில் ஊறவைப்பார்கள். தழும்பு பெரிதாகி நுணுக்குக்காட்டியில் சிறு குழியாகத் தெரியும். அந்தக் குழிகளை எண்ணித்தான் வீட்டுக் காற்றின் அளவைச் சொல்கிறார்கள். இதைத் தவிர எண்ணைத் திரையில் காட்டும் மின்னணுக் கருவிகளும் உண்டு. கனடாவில் பல பொது நூலகங்கள் அவற்றைப் புத்தகம் மாதிரியே இரவல் கொடுக்கின்றன. தபால் டப்பி ஒன்று, ஆய்வுகூடக் கட்டணத்தோடு, ஒரு குடும்பம் ஒருநாள் வெளியே சாப்பிடும் செலவுக்குள் முடிந்துவிடும்.

அதை வைக்கும் இடமும் முக்கியம். ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஆட்கள் இருக்கும் மிகக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். படுக்கையறை நல்லது. மூச்சு விடும் உயரத்தில், யன்னலுக்கும் சூடாக்கிக்கும் பக்கத்தில் இல்லாமல். குசினியிலும் குளியலறையிலும் வேண்டாம். வைத்த பிறகு பிள்ளைகள் எடுத்து விளையாடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

என் தங்கையின் மகன் அளப்பதைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்கவே தயங்கினான். கேட்டால் எழும்பச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். வீட்டுக்காரருக்கு வேறு பயம்: அளவு கூடுதலாக வந்தால் வீட்டின் விலை விழுமே என்று. இரண்டு பயமும் நியாயமானவை என்று ஒத்துக்கொண்டே சொல்கிறேன், இரண்டும் அந்த வீட்டில் தூங்கும் குழந்தையின் நுரையீரலுக்கு உதவாது. கடைசியில் இரண்டு குடும்பமும் சேர்ந்து டப்பி வாங்கினார்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே 100க்கு மேலே, 200க்குக் கீழே வந்தது. மேலே அதில் பாதியும் இல்லை. வீட்டுக்காரர் குழியின் மூடியையும் வெடிப்புகளையும் அடைத்துவிட்டு மறுபடி அளக்கிறார்.

வெடிப்பை அடைப்பது மட்டும் பெரிய அளவுகளுக்குப் போதாது. 200, 600 என்று வந்தால் செய்ய வேண்டிய வேலை வேறு. நிலத்துச் சீமெந்தைத் துளைத்து ஒரு குழாய் இறக்கி, அதில் சின்ன மின்விசிறி பூட்டி, அடிமண் காற்றை வீட்டுக்குள் வரவிடாமல் நேரே வெளியே இழுத்து விடுவார்கள். வேலை ஒரு நாளில் முடியும், அளவு 80 சதவீதத்துக்கு மேல் குறையும். செலவு சுமார் 3,000 கனடா டொலர். ஒன்ராறியோவில் புதுவீடு வாங்கியவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. புதுவீட்டு உத்தரவாதத்தில் ஏழு ஆண்டுக்கு றேடனும் அடங்கும், 200க்கு மேல் இருந்தால் திருத்தத்துக்கு அதில் கேட்கலாம். அளக்காதவர் எதைக் காட்டிக் கேட்பார்?

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவிசில் மட்டம் 300 பெக்கரல். ஜூரா மலைப்பக்கமும் தெற்கே திச்சினோவும் கூடுதல். நோர்வேயில் 2014 முதல் வாடகைக்கு விடும் வீடு 200ஐத் தாண்டக்கூடாது, 100க்கு மேல் வந்தாலே வீட்டுக்காரர் குறைக்க முயல வேண்டும் என்பது சட்டம். நோர்வேயில் வாடகைக்கு இருக்கும் நம் ஆட்கள் கூச்சப்படாமல் அளவுத்தாளைக் கேட்கலாம். இங்கிலாந்தில் கோர்ன்வோலும் டெவனும் கூடுதலான இடங்கள், லண்டனின் பெரும்பகுதி குறைந்தது.

சரி, நம் வீடுகள். போர் முடிந்த 2009க்குப் பிறகு திரும்பி வந்து கட்டிய வீடுகள் இங்கே நிறைய. இந்திய வீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்து மக்களே கட்டிய வீடுகளும் இந்த மாவட்டத்தில் உண்டு. சீமெந்துக் கல் சுவர், ஓடு, சீமெந்து நிலம், சுவரின் மேலே காற்றுக்கு விட்ட பூக்கல். கதவு விடிந்தால் திறக்கும், படுக்கப் போகும்போதுதான் சாத்தும். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே காற்று போய் வரும். இப்படியான வீட்டில் றேடன் சேர்வதற்கு வாய்ப்புக் குறைவு. பயந்து கொண்டு இன்றிரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நாகரிகம் என்று நினைத்து அந்தப் பூக்கல்லைச் சீமெந்து வைத்து அடைத்து, ஏசி பூட்டி, யன்னலைக் கண்ணாடியால் மூடி அறை கட்டும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. அந்த அறை இரவெல்லாம் அதே காற்றைச் சுழற்றும். அப்படிப்பட்ட அறையைத்தான் நான் முதலில் அளப்பேன். ஏசி இருக்கிறவர்கள் பகலில் ஒரு தடவையாவது இரண்டு பக்க யன்னலையும் திறந்து விடுங்கள்.

குழாய்க்கிணற்றுத் தண்ணீரிலும் றேடன் கரைந்திருக்கக்கூடும். குடிப்பதால் வருவதைவிட, அந்தத் தண்ணீரிலிருந்து காற்றில் பிரிந்து மூச்சில் போவதுதான் பெரிது. கொதிக்க வைத்தால் பெரும்பாகம் வெளியேறிவிடும், வாளியில் ஊற்றி வைத்தாலும் ஒரு பங்கு வெளியேறும். இங்கே வெளியில்தான் இறைக்கிறோம், குளிக்கிறோம், அது நல்லது.

இனி மணல். கதிரியக்க ஆராய்ச்சியின் வரலாற்றில் நம் தீவுக்குப் பழைய இடம் ஒன்று உண்டு. சேர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமியைக் கலை ஆராய்ச்சியாளராகத்தான் நம்மில் பலருக்குத் தெரியும். அவர் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பணிப்பாளராக இருந்த புவியியலாளர். அவர் காலத்தில், 1904இல், யுரேனியத்தைப் போலவே கதிரியக்கமுள்ள தோரியம் நிறைந்த தோரியனைற்று என்ற கனிமம் இலங்கையில் இருந்து உலகுக்குத் தெரியவந்தது. அடுத்த ஆண்டு லண்டனில் ஓட்டோ ஹான் என்ற இளம் ஜேர்மானிய வேதியியலாளர் அந்த இலங்கைக் கனிமத்தைப் பிரித்துத்தான் றேடியோதோரியம் என்ற புதிய கதிரியக்கப் பொருளைக் கண்டார். பின்னால் நோபல் பரிசு பெற்ற ஹானின் முதல் பெரிய கண்டுபிடிப்பு அது. 1909இல் ஷோம்பெர்க் என்ற இன்னொரு ஜேர்மானியர், திருவிதாங்கூரில் இருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, குமரிக்கரையில் மொனசைற்று என்ற தோரியம் கொண்ட கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். இங்கே பேருவளையிலும் மொனசைற்று மணல் உண்டு, புல்மோட்டைக் கனிய மணலிலும் சிறிதளவு உண்டு.

தோரியத்தின் வரிசையிலும் ஒரு றேடன் பிறக்கிறது. அதைத் தோரோன் என்பார்கள். அது ஒரு நிமிடத்துக்குள் பாதியாகிவிடும். மண்ணுக்குள் ஆழத்தில் பிறந்தால் மேலே வருவதற்கு முன்பே செத்துப்போகும். சுவரிலும் நிலத்திலும் இருந்தால்தான் வீட்டுக் காற்றுக்கு வரும். கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாக மொனசைற்று மணல் மேல் வாழ்கிறார்கள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே 3,85,000 பேரைக் கணக்கெடுத்து, அவர்களில் ஏறத்தாழ 70,000 பேரை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தது. 2009இல் வந்த முடிவு: மண்ணிலிருந்து வெளியே வரும் காமாக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. நான் இதைச் சொல்வது யாரையும் சமாதானப்படுத்த அல்ல. அங்கே வீடு வீடாக அளந்தார்கள், ஆள் ஆளாகப் பதிந்தார்கள், அதனால் அவர்களால் ஒரு முடிவைச் சொல்ல முடிந்தது.

மன்னார்த் தீவில் இல்மனைற்று என்ற கனிமத்துக்காக மணல் அகழ்வதை எதிர்த்து மக்கள் வீதிக்கு இறங்கியதை நீங்கள் அறிவீர்கள். தீவின் நிலமும் நன்னீரும் மீன்பிடியும் போய்விடும் என்ற அவர்களுடைய கவலையோடு நான் நிற்கிறேன். கதிரியக்கம் பற்றி மட்டும் ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்கிறார் ஒருவர், ஒன்றுமே வராது என்கிறார் இன்னொருவர். இரண்டு பேர் கையிலும் நம் வீடுகளில் அளந்த அளவு இல்லை. மண்ணைக் கிளறுவதற்கு முன் இருந்த அளவு எழுத்தில் இல்லாவிட்டால், நாளைக்கு ஏதாவது மாறினாலும் நம்மால் நிரூபிக்க முடியாது.

அதனால் ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன். கதிரியக்கத்தை அளக்கும் வேலைக்கென்று இந்த நாட்டில் இலங்கை அணுசக்திச் சபை இருக்கிறது, ஒறுகொடவத்தையில். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. மாவட்டச் செயலகத்தின் ஊடாக அந்தச் சபைக்கு ஒரு கடிதம் எழுதுவோம். தீவில் பேசாலையிலும் தலைமன்னாரிலும் சில வீடுகள், பெருநிலத்தில் முருங்கனிலும் மடுவிலும் இங்கே பெரியமடுவிலும் சில வீடுகள். ஓட்டு வீடு, அஸ்பெஸ்டஸ் வீடு, ஏசி அறை என்று கலந்து. அவற்றோடு ஒவ்வொரு ஊரிலும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. மாரியில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை, றேடனையும் தோரோனையும் சேர்த்து அளக்க வேண்டும். முடிவைத் தமிழில், கிராம சேவையாளர் அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். கடிதத்தின் நகல் இந்த மேசையில் இருக்கிறது. தங்கள் வீட்டில் டப்பி வைக்கச் சம்மதிக்கிறவர்கள் பெயரையும் வீட்டுக் கூரை என்ன வகை என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். அப்படியே வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு இன்றிரவு அழைப்பு எடுக்கிறவர்கள், எந்தத் தட்டில் படுக்கிறான் என்று கேளுங்கள். கீழ்த்தட்டு என்றால், வரும் ஒக்ரோபரில் டப்பி வாங்கச் சொல்லுங்கள்.